திக்லிபூரிலிருந்து வராத காலி அட்டை

1. பஸ்ஸில் வரும் அட்டை

போர்ட் பிளேரில் நான் ஃபார்மசிஸ்ட்டாக இருந்த மெடிக்கல் ஷாப்புக்கு, அந்தமானின் வடகோடியிலிருக்கிற திக்லிபூர் ஆட்கள் நேரில் வருவது அபூர்வம். மாத்திரைக்காக நாள் முழுக்க பஸ்ஸில் யார் உட்கார்ந்து வருவார்கள்? தீர்ந்துபோன அட்டையை டிரைவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து அதே மாத்திரையைத் திரும்புகிற பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். அங்கே பள்ளிக்கூடத்தில் காண்ட்ராக்ட்டில் வேலை பார்த்த செல்வி டீச்சரின் தைராய்டு மாத்திரை அட்டையும் அப்படித்தான் மாதாமாதம் வந்தது.

ஒரு முறை டிரைவர் ஒரு காலி டப்பாவை நீட்டினார். "டீச்சர் இது மட்டும் கேட்டாங்க பாய். பழைய தவாய் பந்த்னு சொன்னாங்க." பழைய மாத்திரையை நிறுத்திவிட்டாராம்.

தாவர ஃபிளேவனாய்டு காப்ஸ்யூல். ஞாபக சக்தி, உற்சாகம், ஆழ்ந்த தூக்கம் என்று மூன்றையும் டப்பாவிலேயே அச்சடித்திருந்தார்கள். எங்கள் முதலாளி மெயின்லேண்டிலிருந்து இறக்கிய சரக்கு. தைராய்டு மாத்திரையை அப்படிச் சட்டென்று நிறுத்தக்கூடாது. உடனே போன் போட்டேன்.

"தைராய்டு மாத்திரை என்னாச்சு டீச்சர்?"

"நிறுத்திட்டேண்ணா. லீவுக்கு அங்க வந்தப்ப லேசா மறதியா இருக்குன்னு உங்க முதலாளிகிட்ட சொன்னேன். கெமிக்கல விடும்மா, இது செடியில எடுத்ததுன்னு குடுத்தாரு. இப்ப பசங்க பேரே வாய்ல வர மாட்டேங்குது. கிளாஸ்ல தூங்கி விழறேன். அடுத்த மாசம் காண்ட்ராக்ட் ரினீவல் வேற. இன்னும் ரெண்டு டப்பா சாப்பிட்டா சரியாகும்னாரு."

"தைராய்டு கொறஞ்சாலே மறதி, அசதி, தூக்கம் எல்லாம் வரும் டீச்சர். இன்னிக்கே டாக்டரப் பாருங்க."

போனை வைத்துவிட்டு முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "செடிதானப்பா, என்ன பண்ணிடப் போவுது? நீ கவுண்டரப் பாரு" என்றார். அரளியும் செடிதான் என்று வாய்வரை வந்தது. சம்பளம் வாங்குகிற வாய், மூடிக்கொண்டது.

2. டீச்சர் நேரில் வந்தது

டாக்டர் பழைய மாத்திரையையே மறுபடி தொடங்கச் சொன்னார். டீச்சர் தேறுவதற்கு நாளானது. அதற்குள் காண்ட்ராக்ட் ரினீவல் ஆகாமல் வேலை போய்விட்டது. வகுப்பில் தூங்குகிறார், பாடத்தை மறக்கிறார் என்று ஹெட்மாஸ்டர் எழுதிவிட்டாராம். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

பிறகொரு நாள் டீச்சரே கடைக்கு வந்தார்.

"இப்ப எல்லாம் ஞாபகம் இருக்குண்ணா. எந்தப் பையன் எந்த பெஞ்சுல உக்காருவான்னுகூட சொல்வேன். கேக்கத்தான் ஆளில்ல."

அடுத்த மேஜையிலிருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, மறதியா? நல்ல காப்ஸ்யூல் ஒண்ணு வந்திருக்கு, தரட்டா?"

அவருக்கு டீச்சரை அடையாளமே தெரியவில்லை.

அந்தச் செடிச்சத்து ஞாபகத்துக்கும் தூக்கத்துக்கும் கொஞ்சம் உதவலாம் என்கிறார்கள். இருக்கட்டும், ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். டாக்டர் எழுதிய மாத்திரையின் இடத்தில் அதை வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. கவுண்டரில் நிற்கப்போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மாதாமாதம் வருகிற அட்டை ஒரு மாதம் வராவிட்டால் அன்றைக்கே போன் போடுங்கள். முதலாளியைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.