தெருவிளக்குக்குக் கீழே சாமந்தி

திருப்பதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பக்கவாட்டில், காம்பவுண்டுச் சுவருக்கும் எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே, ஆறடி அகலத்தில் ஒரு துண்டு மண் இருக்கிறது. இந்த இரண்டு வருஷத்தில் நான் வாய்விட்டுத் திட்டியது பெரும்பாலும் அதைத்தான். மனிதர்களைத் திட்ட முடியாத இடங்களிலும் அதைத்தான் திட்டினேன்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களின் கைகளில் நரம்பு தேடத் தொடங்கினால், பொழுது சாய்ந்துதான் நிமிர்வேன். என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீசிட்டியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் எப்போது வருகிறதோ அப்போதுதான் அவர் வருவார். பாதி நாள் நான் தனியாகத்தான் சாப்பிடுவேன். அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒரு செம்பில் நாலு பூ இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. நீளக் காம்போடு, இலையோடு, அப்போதுதான் வெட்டிய பூ.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பதி மார்க்கெட்டில் மலைபோலப் பூ கொட்டிக் கிடந்தாலும் காம்போடு ஒரு பூ கிடைக்காது. முழத்தில் கிடைக்கும், கிலோவில் கிடைக்கும், மாலையாகக் கிடைக்கும். காம்பு வேண்டுமென்றால் பொக்கே கடைக்குப் போக வேண்டும். அங்கே பளபளக்கும் தாளில் சுற்றி, ஜிகினா தூவி, கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிற மாதிரி கொடுப்பார்கள். அதனால் நானே வளர்ப்பதென்று முடிவு செய்தேன்.

வீட்டுச் சொந்தக்காரர் மேல் மாடியில் தனியாக இருக்கும் அம்மாள். அறுபது தாண்டியவர், பஸ் டிப்போ அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெலுங்குக்காரர். என்னோடு பேசும்போது பாதித் தமிழும் பாதித் தெலுங்கும் கலந்து வரும். செடி வைக்கலாமா என்று கேட்டபோது, “வேசுக்கோம்மா, தாராளமா வேசுக்கோ. பச்சையா இருந்தா வீட்டுக்கு லட்சுமி களை” என்றார்.

முதல் கடப்பாரைக் குத்திலேயே தெரிந்துவிட்டது. அது மண்ணே இல்லை. வீடு கட்டினபோது மிஞ்சிய உடைந்த செங்கல், கெட்டியான சிமெண்ட் மூட்டை, ஓட்டுத்துண்டு, கம்பி எல்லாவற்றையும் அங்கே கொட்டி, மேலே ஒரு சாண் செம்மண் பரப்பியிருந்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதைத் தோண்டினோம். நான்காவது ஞாயிறு வீட்டுக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

நகரியிலிருந்து அப்பா வந்தார், எனக்கு நைனா. அவருக்கு அங்கே நாலு விசைத்தறி ஓடுகிறது. வரும்போது இரண்டு சிப்பம் மக்கிய எரு கொண்டு வந்தார். கூடவே ஒரு யோசனையும்.

“பூவ துன்ன முடியுமா? கத்திரிக்கா வெய்யி, வெண்டிக்கா வெய்யி. ரெண்டு நாள் கொழம்புக்காவது ஆவும்.”

“எனக்குப் பூதான் வேணும் நைனா.”

“பாதி பூ வெய்யி, பாதி காய் வெய்யி. சும்மா எதுக்குப் பிடிவாதம் புடிச்சிக்கினு கீற?”

அப்படியே செய்தேன். ஒரு பக்கம் ஜினியா, செண்டுமல்லி. மறு பக்கம் வெண்டை, கத்திரி, புளிச்சகீரை. மாசியில் விதைத்தேன், அது என் முட்டாள்தனம். சித்திரை வெயில் மலைப்பாறையில் பட்டு எங்கள் தெருவுக்குத் திரும்பி அடித்தது. தண்ணீர் லாரி இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. ஜினியா முழங்கால் உயரம் வந்து, ரூபாய்க் காசு அளவில் மூன்று பூ பூத்து, கருகிப் போனது. செண்டுமல்லியைப் பூச்சி அரித்தது. வெண்டை மட்டும் எப்படியோ பிழைத்துக் காய்த்தது.

காய்த்ததும் குரங்குகள் வந்தன. மலையடிவாரத்துத் தெருவில் குரங்கு வருவது புதிதில்லை. ஆனால் அவை சாப்பிட்டிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். ஒவ்வொரு காயையும் பறித்து, நுனியை ஒரு கடி கடித்து, பிடிக்காமல் எறிந்துவிட்டுப் போயின. அவை ஏன் எங்கள் வீட்டுக்கே வருகின்றன என்பது ஒரு சனிக்கிழமை தெரிந்தது. ஓனரம்மா மொட்டை மாடியில் நின்று ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, அதுங்களுக்குப் போடாதீங்க. என் செடியெல்லாம் போயிடுச்சு.”

“ஆஞ்சநேய ஸ்வாமிகி சனிவாரம் பழம் பெட்டறது. நா மொக்குபடி. எட்ல மானேது?”

வேண்டுதலை நிறுத்தச் சொல்ல நான் யார்? புளிச்சகீரை மட்டும் மிஞ்சியது. குரங்குக்கும் புளிப்பு பிடிக்காது போல. அந்த வருஷம் முழுக்கப் புளிச்சகீரை துவையல், புளிச்சகீரைப் பருப்பு, புளிச்சகீரை ஊறுகாய். “இன்னாம்மே, இன்னிக்கும் அதேவா?” என்று வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்பார். நான் இன்னொரு கரண்டி போடுவேன்.

இரண்டாவது வருஷம் சாமந்தியில் இறங்கினேன். குரங்கு தொடாது, காம்பு நீளமாக வரும், செம்பில் வைத்தால் பத்து நாளுக்கு மேல் தாங்கும். ஆடியில் இருபது நாற்று வாங்கி நட்டேன். எல்லாம் மஞ்சள். கையளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். கிள்ளினால்தான் பக்கக் கிளை விடும். தினம் வேலைக்குப் போகுமுன் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். வாரம் தவறாமல் வேப்பெண்ணெய் அடித்தேன். செடிகள் இடுப்பளவு வந்தன. கரும்பச்சை இலை, கெட்டித் தண்டு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஐப்பசி முடிந்தது. மார்க்கெட்டில் சாமந்தி குவிந்தது. என் செடியில் ஒரு மொட்டு இல்லை. இருபது செடியிலும் இலை, இலை, இலை. எருவை நிறுத்தினேன். சாம்பல் போட்டேன். யூடியூபில் ஒருவர் சொன்னபடி வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றினேன். எறும்பு வந்தது, மொட்டு வரவில்லை.

மார்க்கெட்டில் பலமனேர்ப் பக்கத்திலிருந்து சாமந்தி மூட்டை இறக்கும் ஒரு விவசாயி இருந்தார். அவரிடம் செல்போனில் என் செடியின் படத்தைக் காட்டினேன். அவர் செடியை இரண்டு விநாடிதான் பார்த்தார். அதன் பின்னால் தெரிந்ததைத்தான் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது இன்னா, லைட்டு கம்பமா?”

“ஆமா, தெரு லைட்டு. விநாயக சவிதி ஆனப்பறம் போட்டாங்க.”

“அதாம்மா. சாமந்திக்கு ராத்திரி நீளமா இருட்டு வேணும், அப்பதான் மொட்டு வெக்கும். பூவ தள்ளிப் போடணும்னா நாங்களே தோட்டத்துல வரிசையா பல்பு கட்டுவோம். செடி இன்னும் பகலுன்னு ஏமாந்துக்கினு இருக்கும். உனக்கு ஊரே பல்பு கட்டிக் குடுத்துக்கீது.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். அந்த விளக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்ல முடியுமா, யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஓனரம்மாவைக் கேட்டேன்.

அவர் முகம் மாறியது. “ஆ லைட் எவரு போட்டாங்க தெலுசா? நேனே. வார்டு சச்சிவாலயம் ஆபீசுக்கு நாலு தரம் நடந்து அர்ஜி குடுத்தேன். நூ ட்யூட்டி முடிச்சு சீகட்லோ வர்ற. தெருவில குக்கலு. ஆடப்பிள்ளகி பயம் இருக்காதா?”

நான் இருட்டில் நாய்களுக்கு நடுவே நடந்து வருகிறேனே என்று எனக்காக மனுப் போட்டு வாங்கிய விளக்கு அது. அதற்கு மேல் என்ன கேட்பது? “ரொம்ப தேங்க்ஸ்மா” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் வரும்போது எனக்கு அழுகைதான் வந்தது, நன்றியில் இல்லை.

நைனாவுக்குப் போன் செய்தேன். தறியில் கறை பட்டு ஒதுக்கிய கறுப்புத் துணி ஒரு பெரிய சுருட்டு கொண்டு வந்து கொடுத்தார். கழி நட்டு, கயிறு கட்டி, தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் செடிகளுக்குத் துணி போர்த்துவேன். காலையில் எழுந்ததும் எடுப்பேன். நான் வரத் தாமதமானால் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கத்துவேன். “போர்த்தியாச்சா?” “மூஞ்சி கழுவிக்கினு போறேன்மே.” “முதல்ல போர்த்து, அப்பறம் கழுவு!” கார்த்திகையில் புயல் மழை வந்தது. நனைந்த துணியின் பாரத்தில் கழி சாய்ந்து ஏழு செடி தண்டோடு ஒடிந்தது. அன்றைக்கு ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். எதற்காக இதையெல்லாம் செய்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

ஆனால் மொட்டு வந்தது. துணி போர்த்த ஆரம்பித்த மூன்றாவது வாரம், மிளகு அளவில், ஒவ்வொரு கிளை நுனியிலும். மார்கழி பாதியில் மஞ்சள் தெரிந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பூ முழுசாக விரிந்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் இதழ் கெட்டிப்படும், நாளைக்கு வெட்டலாம் என்று விட்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகத் துணியை எடுக்கப் போனேன். துணி ஏற்கெனவே ஒரு பக்கமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. செடியில் காம்புகள் நின்றன. தலை இல்லை.

வாசலுக்கு ஓடினேன். கேட்டுக்கு முன்னால் ஓனரம்மா போட்ட பெரிய ரதக் கோலம். அதைச் சுற்றிச் சாணி உருண்டைகள். ஒவ்வொன்றின் மேலும் என் சாமந்தி ஒன்று, கழுத்து வரை சாணியில் புதைந்து. தனுர்மாதத்தில் எல்லார் வாசலிலும் வைப்பதுதான், எங்கள் ஊரிலும் பூசணிப்பூ வைப்போம். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால்காரர் வண்டியின் பின்சக்கரம் ஓர் உருண்டை மேல் ஏறிப் போனது.

ஓனரம்மா ஈரத்தலையில் துண்டு சுற்றிக்கொண்டு படி இறங்கி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். “சூசாவா? எவ்ளோ பாக இருக்கு பாரு! மிச்சம் அஞ்சு ஸ்வாமிகி வெச்சேன்.”

“என்னைக் கேக்காம எதுக்குப் பறிச்சீங்க?” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “ஒன்றர மாசமா துணி போர்த்தி, போர்த்தி எடுத்து... உங்களுக்குத் தெரியாதா? தினம் மாடியில நின்னு பார்த்தீங்களே!”

“பூ பூக்கறதே தேவுடுக்காக கதம்மா. இன்னிக்கு ஏகாதசி. புண்ணியம் நீக்கே.”

“எனக்குப் புண்ணியம் வேணாம். பூ வேணும்.”

“தலையிலயும் வெக்கமாட்ட. பூஜையும் பெருசா செய்யமாட்ட. செம்புல வெச்சு ஏம் சேஸ்தாவு?”

“சூஸ்தானு” என்றேன். பார்ப்பேன். தெலுங்கிலேயே சொன்னேன், புரியாமல் போய்விடக் கூடாதென்று. “உக்காந்து பார்ப்பேன். அவ்வளவுதான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வேலைக்குப் போனேன். ஏகாதசிக் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் சுற்று வழியில் போனது. தாமதமாகப் போய்ச் சேர்ந்து, அங்கேயும் திட்டு வாங்கினேன். முதலில் வந்த பெரியவரின் கையில் நரம்பு அகப்படாமல் இரண்டு தடவை குத்தினேன். அவர் மறு கையை நீட்டினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த சுற்று மொட்டுகளில் மூன்றுதான் ஒழுங்காக விரிந்தன. போகி அன்று காலை அவற்றை அடித்தண்டிலிருந்து வெட்டி மேசையில் வைத்தேன். ஒன்று கோணலாக இருந்தது. வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து, செம்பை நகர்த்தி ரசப் பாத்திரத்துக்கு இடம் செய்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய இடத்திலேயே வைத்தார். “நல்லாத்தான்கீது” என்றார், செம்பைப் பார்க்காமல்.

பொங்கல் அன்று ஓனரம்மா ஒரு தட்டு நிறைய அரிசெலு, நம் அதிரசம்தான், எடுத்துக்கொண்டு வந்தார். ஏகாதசிக்குப் பிறகு அன்றுதான் பேசினார். உட்காரச் சொன்னேன். மேசையில் இருந்த பூவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சரி, இப்போதாவது புரிந்ததே என்று நினைத்தேன்.

“இந்த மூணும் குடுப்பியா?” என்றார். “நாளைக்கு கனும. கோபூஜைக்கு...”

“லேதம்மா” என்றேன். “இது இங்கேதான் இருக்கும்.”

அவர் கோபப்படவில்லை. “சரே சரே” என்று சொல்லி, அரிசெலு ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். மறுநாள் தெருவில் வந்த மாட்டுக்கு அவர் போட்டது மார்க்கெட்டில் வாங்கிய செண்டுமல்லி மாலை. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபோது, பொருமல் ஒரு பக்கம் இருக்க, மூன்று பூவைக் கொடுத்திருக்கலாமோ என்றும் ஒரு நெருடல். கொடுத்திருந்தால் அந்த நெருடல் இருந்திருக்காது, வேறொன்று இருந்திருக்கும்.

பூத்து ஓய்ந்த செடிகளைத் தரையோடு வெட்டிவிட்டேன். அடியில் பக்கக் கன்றுகள் நிறைய வந்திருக்கின்றன. இந்த ஆடியில் அவற்றைப் பிரித்து நட வேண்டும். நைனாவிடம் இன்னொரு சுருட்டு கறுப்புத் துணிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். “காய் எதனா போடேன்” என்றார். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.