தைத்தவள் வரக்கூடாது

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, கல்யாணப் பெண்ணைச் சுற்றி முழங்காலாலேயே நகர்ந்து வருவாள். "மூச்சை இழுத்துப் பிடிக்காதம்மா. கல்யாணத்தன்னைக்கு மூச்சு விட வேண்டாமா?" ஊசிகளுக்கு நடுவிலிருந்து பேச்சு தெளிவாகவே வரும். வேலை முடிந்தால் கத்தரிக்கோலைத் தேடமாட்டாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "ம், போ. நல்லா இரு" என்பாள்.

என் சித்தி மகள். எல்லோருக்கும் தையலக்கா. அவளுக்கு மூத்தவனான நானே சில நேரம் அக்கா என்று கூப்பிட்டுத் தொலைக்கிறேன்.

உடுப்போடு முறையும் தைத்துக் கொடுப்பாள். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று அவன் அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தையலக்கா எட்டிப் பார்த்தாள். "மூத்தவர் வலப்பக்கம், இளையவர் வாசல்ல. எங்க முப்பாட்டன் கல்யாணத்துலயே அப்படித்தான்." இருவரும் அடங்கிப் போனார்கள். இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் தம்பி வாசலில்தான் நிற்கிறான்.

எங்கள் முப்பாட்டன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டியவர். அந்தக் கல்யாணத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அதனால் எந்த முறையையும் அதில் ஏற்றிவிடலாம்.

என் தம்பி மகள் கல்யாணத்தில்தான் வினை. பெண்ணுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டையாகத் தைத்துவிட்டாள். என் தம்பி பெண்டாட்டியின் வாய்க்குப் பயந்து, "தைச்சவ கல்யாணத்துல கண்ணுல படக்கூடாது, பொண்ணுக்கு ஆகாது" என்று சொல்லியனுப்பிவிட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். அந்த முறையும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது.

போன மாதம் அவள் மகளுக்கே கல்யாணம். உடுப்பு அவள்தான் தைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா பக்குவமாகச் சொன்னாள்: "சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. தைச்சவங்க மண்டபத்துக்குள்ள வரக்கூடாது. எங்க வீட்டுல மூணு தலைமுறையா மீறினதில்ல."

என் தம்பி மகளின் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கவில்லை.

மகள் ஒரே பிடியாக நின்றாள். "அம்மா இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்."

நான் தையலக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். "பொய்னு சொல்லிடேன்."

"சொல்லலாம்ணே. அப்புறம் மத்த முறையெல்லாம்? அத்தனை பேரு நம்பிக் கல்யாணம் பண்ணியிருக்காங்களே. அவங்க குடும்பத்தைக் கலைக்கச் சொல்றியா?"

"அப்ப வேற யாரையாவது தைக்கச் சொல்லியிருக்கலாமில்ல?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் பின்னறையில் மகளுக்கு உடுப்பை மாட்டிவிட்டுக் கீழோரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் மிச்சமிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தாள். "சம்பந்தி, நேரமாச்சு. நீங்க இங்கயே இருங்க. சாப்பாடு அனுப்பறேன்."

தையலக்கா நூல்கண்டைப் பிரித்து, நூல்முனையை அந்தத் தைக்காத ஓரத்தில் முடிந்தாள்.

"நான் இன்னும் முடிக்கலியே, சம்பந்தி. தைச்சு முடிச்சவதானே வரக்கூடாது? பாதியில நிக்கறவ நூலை விடாம கூடவே வரணும்."

"அப்படியா?"

"எங்க முப்பாட்டன் கல்யாணத்துல அப்படித்தான்."

அந்த அம்மாள் சற்று யோசித்தாள். "ஆமாமா. எங்க மாமியார்கூடச் சொல்லுவாங்க."

மகள் மேடையேறினாள். தையலக்கா நூல்கண்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நூலை மிதிக்காமல் எல்லோரும் மரியாதையாகத் தாண்டிப் போனார்கள். எல்லாம் முடிந்து, மகள் மாப்பிள்ளையோடு வாசலில் நின்ற காரை நோக்கி நடந்தாள். மடியில் நூல்கண்டு உருண்டது. தையலக்கா நூலை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்தாள்.

கடிக்கவில்லை. எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நூலை அவிழ்த்து விட்டாள்.