ரிப்பனுக்குக் கீழே ஒரு வார்டு

ஓய்வுபெற்ற தாதியர்களாகிய நாங்கள் மாத்தளையில் கூடி, இனிமேல் மாதக் கூட்டத்தில் பிஸ்கட்டுக்குப் பதிலாக உளுந்துவடை வழங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். இரண்டு மணி நேர விவாதத்தின் பின் எடுத்த இந்த முடிவைச் செயலாளர் பதிந்துகொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் வார்டுக்குப் பொறுப்பாக இருந்த தாதி, சிஸ்டர் மனோன்மணி காலமாகிவிட்டார். வடையை எதிர்த்து அவர் அனுப்பிய கடிதம் மேசையில்தான் இருந்தது. “எண்ணெய்க் கையோடு ஒருவரும் மற்றவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டாம்” என்று எழுதியிருந்தார்.

எண்பதுகளின் கடைசியில் மாத்தளை ஆஸ்பத்திரியில் எங்கள் ஆண்கள் வார்டில் கட்டிலுக்கு இருவர், கட்டிலுக்குக் கீழே ஒருவர் என்பது வழமை. காலையில் வந்ததும் சிஸ்டர் குனிந்து, கீழே படுத்திருப்பவரைத்தான் முதலில் விசாரிப்பார். “மேல கிடக்கிறவையை எப்பிடியும் டொக்டர் பார்ப்பார்” என்பார்.

பக்கத்திலேயே புதிய வார்டு தயாராக இருந்தது. கட்டில்கள் வந்து, மெத்தைகளில் பொலித்தீன்கூடக் கழற்றாமல், கதவு பூட்டியிருந்தது. திறந்துவைக்க வேண்டிய பிரமுகர் ஊரடங்குச் சட்டத்தால் மூன்று முறை வரவில்லை. விழாவை ஒத்திவைத்தார்கள். வாசலில் கட்டிய ரிப்பனை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கட்டுவிரியன் கடித்த விவசாயி ஒருவரை வில்கமுவையிலிருந்து டிராக்டரில் கொண்டுவந்தார்கள். மருந்து ஏற்றியும் அவரால் இமையைத் தூக்க முடியவில்லை. மூச்சு குறைந்துகொண்டே போனது. மூச்சுக் குழாயில் பொருத்திய ரப்பர் பையைக் கையால் அமுக்கித்தான் காற்றுக் கொடுக்க வேண்டும். கிடைத்த இடமோ நடைபாதைத் தரை. நான் அமுக்க, சனங்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

சிஸ்டர் பிரதம எழுத்தரிடம் போனார்.

“புது வார்டைத் திறவுங்கோ.”

“வியாழக்கிழமை விழா, சிஸ்டர். ரெண்டே நாள். கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

“நான் பொறுப்பன். அந்த மனிசன்ரை மூச்சு பொறுக்குமோ எண்டு வந்து கேளுங்கோ.”

“ரிப்பன் இருக்கே. அத வெட்டினா என் வேலை போயிரும்.”

“ஆர் வெட்டச் சொன்னது? குனிஞ்சு போவம்.”

எழுத்தர் சாவியைக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். அப்படியே போனோம். நோயாளியின் தள்ளுகட்டில் ரிப்பனுக்குக் கீழே நுழைந்தது. அடுத்த இரண்டு நாளும் டொக்டர், தாதியர், கஞ்சி கொண்டுவந்த மனைவி எல்லோரும் குனிந்தே போய் வந்தோம். என் தொப்பி மூன்று முறை ரிப்பனில் மாட்டிக் கழன்றது. பையை முறைவைத்து அமுக்கினோம். ஆள் போதாதபோது எழுத்தரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “சேர், கடிதம் தட்டுற வேகம் இதுக்கு வேண்டாம், மெல்ல” என்றார் சிஸ்டர்.

வியாழக்கிழமை விடியும்போது விவசாயி தானாக மூச்சுவிட்டார். பத்து மணிக்குப் பிரமுகர் ரிப்பனை வெட்டினார், கைதட்டல் எழுந்தது. அதுவரை யாரும் கால்வைக்கவில்லை என்று பிரமுகர் நம்பியிருந்த வார்டுக்குள் அந்த விவசாயி கட்டிலில் சாய்ந்திருந்து அவரைக் கும்பிட்டார். பிரமுகர் சிஸ்டரைப் பார்த்தார்.

“கட்டில் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம், சேர்” என்று சிஸ்டர் சிங்களத்தில் சொன்னார். “குறை ஒன்றும் இல்லை.”

பிரமுகர் சிரித்துவிட்டார். எழுத்தர் அதன் பிறகுதான் சிரித்தார்.

சிஸ்டரிடமிருந்து எனக்குத் தொற்றியது ஒரு பழக்கம்: எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பூட்டிய அறையைக் கண்டால் உள்ளே கட்டில் இருக்கிறதா என்று கேட்பேன். பதில் கிடைக்கும்வரை நகரமாட்டேன்.

அந்த வார்டின் சுவரில் பதித்த கல்லில் திறந்துவைத்த திகதி இருக்கிறது. அனுமதிப் புத்தகத்தில் அங்கே சேர்ந்த முதல் நோயாளியின் திகதி அதற்கு இரண்டு நாள் முந்தியது.