அமெரிக்காவில் அந்தப் பெண்மணி வென்ற வருடம்

நான் புத்தகம் எழுதத் தொடங்கியதற்குக் காரணம் இலக்கிய தாகம் என்று வெளியீட்டு விழாவில் சொன்னேன். அது பொய். தலைமயிர் வெட்டப் போக முடியாமல் இருந்ததுதான் காரணம்.

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கோப்பு எழுதும் இலிகிதராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் எந்த நாட்டுக் கப்பல் வந்து நின்றாலும், அது ஏன் வந்தது, யாரை வெருட்ட வந்தது என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் வேண்டும். யாரும் கேட்காமலே அந்தப் பதவியை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். சலூன்தான் என் மேடை. கடைசி அமெரிக்கத் தேர்தலுக்கு முன்னர் மூன்று மாதமாக, போட்டியிட்ட பெண்மணிதான் வெல்வார் என்று அங்கே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாநிலம் மாநிலமாகக் கணக்குக் காட்டினேன். அந்த மாநிலங்கள் அமெரிக்காவில் எந்தப் பக்கம் கிடக்கின்றன என்று எனக்கு இன்றைக்கும் தெளிவாகத் தெரியாது. சலூன்காரர் மட்டும் ஒருநாள், மற்றவர் ஏற்கனவே ஒருதரம் இருந்துவிட்டுப் போனவர்தானே, திரும்பி வந்தாலும் வரலாம் என்று மெல்லச் சொன்னார். நான் சிரித்தேன். சாதாரணச் சிரிப்பில்லை. போர்வையைக் கழுத்தில் கட்டியபடி, கண்ணாடியில் எல்லாரும் பார்க்கும்படி சிரித்தேன்.

முடிவு எங்களுக்குப் பகலில்தான் வந்தது. மற்றவர் வென்றுவிட்டார். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்கட கணக்கு என்ன மாதிரி?" என்று கேட்டாள். அன்றிலிருந்து நான் சலூன் இருக்கும் தெருவால் போவதை விட்டேன். சந்தைக்குப் போவதற்கும் கோவிலைச் சுற்றிக்கொண்டு போனேன். மயிர் காதை மூடி வளர்ந்தது. ஒரு கிழமை யோசித்த பிறகு, பிழைவிட்டது நான் அல்ல, அமெரிக்காதான் என்ற முடிவுக்கு வந்தேன். அந்தப் பிழையைத் திருத்தி உண்மையான வரலாற்றை எழுதுவது என் கடமை என்றும் பட்டது. அடுத்த நாள் எழுதுவதற்குத் தடித்த சீ.ஆர். கொப்பிகள் நாலு வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் அத்தியாயத்தில் அந்தப் பெண்மணி வென்றார். நான் சொன்ன மாநிலங்களில், நான் சொன்ன வரிசையிலேயே வென்றார். இரண்டாம் அத்தியாயத்தில் ரஷ்யத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, "ஏலாது எண்டால் ஏலாதுதான்" என்று சொன்னார். மூன்றாம் அத்தியாயத்தோடு உலகத்தில் இருந்த சண்டை எல்லாம் நின்றுபோனது. எனக்கோ இன்னும் மூன்று கொப்பிகள் மிச்சம் இருந்தன. அதனால் ஒரு நெருக்கடியைக் கொண்டுவந்து, அதைத் தீர்க்க உலகத் தலைவர்களை எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சீனன்குடா விமானத் தளத்தில் இறக்கினேன். எண்ணெய்த் தாங்கிகளுக்கு நடுவே அவர்கள் நடந்து நடந்து பேசினார்கள். பேச்சு முறிகிற நேரத்தில், அந்த ஊர்க் கச்சேரியில் முன்னொருகாலம் வேலைபார்த்த ஓர் இலிகிதர் முன்னால் வந்து இரண்டு வசனம் சொன்னார். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள்.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் இரண்டு விஷயம்தான் சொன்னாள். அமெரிக்க ஜனாதிபதி, சீனத் தலைவர், ரஷ்யத் தலைவர் எல்லாரும் என்னைப் போலவே கதைக்கிறார்களாம். மற்றது, "அந்த மனிசி இவ்வளவு பக்கத்திலயும் ஒருக்காவும் சாப்பிடேல்லை." அரசியல் நூலில் சாப்பாடு எதற்கு என்று நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவள் கீரையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

என் கையெழுத்தை எனக்கே வாசிக்க ஏலாது. உட்துறைமுக வீதியில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் தட்டச்சுச் செய்ய ஒரு பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, கொப்பியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து வாசிப்பார். பிறகு திரையைப் பார்த்து வேகமாக அடிப்பார். நாலு மாதம், கிழமைக்கு இரண்டு நாள், நான் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து விளங்காத சொற்களைச் சொல்லிக் கொடுத்தேன். அந்த நாலு மாதத்தில் அவரிடம் அவரைப் பற்றி ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. இந்து சமுத்திரத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன்.

அவர் என்னிடம் ஒருதரம் கேட்டார். இந்த அம்மா வென்றதால் திருகோணமலையில் என்ன மாறுகிறது என்று. நல்ல கேள்வி என்று சொல்லி, துறைமுகத்தின் ஆழத்திலிருந்து தொடங்கினேன். நான் முடிக்கும்வரை அவர் பொறுமையாக இருந்தார்.

"அது சரி ஐயா. ஆக்களுக்கு என்ன மாறுது?"

அது பின்னால் வரும் என்றேன். பின்னால் அப்படி ஒன்றும் வரவில்லை. வேலை முடிகிற நேரத்தில், எழுத்துப்பிழையோ விடுபட்டதோ ஏதும் இருந்தால் அவரையே பார்த்துப் போடச் சொன்னேன். திருத்திப் பார்க்கவென்று தாள்களை அச்செடுத்துத் தந்தார். நான் இலிகிதர் வருகிற அத்தியாயத்தை மட்டும் மூன்று தரம் வாசித்துவிட்டு, எல்லாம் சரி என்று திருப்பிக் கொடுத்தேன்.

வெளியீட்டு விழா நூலக மண்டபத்தில் நடந்தது. நயவுரைக்கு ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் ஒருவரை அழைத்திருந்தோம். கூட்டங்களில் நூலாசிரியரை உரித்துவிடுவார் என்று அவருக்குப் பெயர். அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினார். உலகத் தலைவர்கள் எல்லாரும் ஒரே வாயால் பேசுகிறார்கள் என்றார். சீனன்குடா இலிகிதரைப் பற்றிச் சொன்னபோது சபை நன்றாகச் சிரித்தது. நான் மாலையோடு மேடையில் இருந்தபடி, அது எல்லாம் நகைச்சுவைக்காக எழுதியது போல முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு அவர், இந்த நூலில் ஒரே ஒரு பந்தி இலக்கியம் என்று சொல்லி, பக்கத்தைப் புரட்டி வாசித்தார்.

"அந்த வருடம் பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இலங்கைத்துறைக்கு வலைகள் வந்தன. அமெரிக்க உதவித் திட்டத்தின் ஜீப் மணலில் புதைந்தது. பெண்கள் ஆறு பேர் தள்ளி எடுத்தார்கள். கருவாட்டுப் பரண்களுக்கு மேலே வலையைக் கட்டி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. காகங்கள் வந்து சுற்றி இருந்து பார்த்தன. காவலுக்கு நின்ற பெண் கம்பைக் கீழே போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், இருந்து சோறு சாப்பிட்டுவிட்டு வந்தாள்."

பின்வரிசையில் தொடக்கத்திலிருந்தே கதைத்துக்கொண்டிருந்த என் மைத்துனர்கள் இருவரும் கதையை நிறுத்தினார்கள். அவர்கள் மரணவீட்டிலும் நிறுத்தாதவர்கள். அதிபர் புத்தகத்தை மூடிவிட்டு, அமெரிக்காவில் யார் வென்றால் எங்களுக்கு என்ன என்ற கேள்விக்கு இந்த ஆறு வரியிலேயே பதில் இருக்கிறது, மிச்சத்தை ஆசிரியர் எழுதாமல் விட்டிருக்கலாம் என்றார்.

இதை எப்போது எழுதினேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. ஆனால் கைதட்டிய சத்தத்தில், நான்தான் எழுதியிருப்பேன் என்று நம்புவது கஷ்டமாக இருக்கவில்லை. ஏற்புரைக்கு எழும்பியபோது அந்த நம்பிக்கை இன்னும் வளர்ந்திருந்தது. அந்தப் பந்திக்காக இலங்கைத்துறைக் கரையில் பல நாள் இருந்தேன், அந்தப் பெண்களோடு கதைத்தேன், அந்த வெயில் இன்னும் என் தோலில் இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். மூதூருக்கு அப்பால் இருக்கும் அந்த மீனவர் ஊருக்கு நான் அதுவரை போனதே கிடையாது. சொல்லிக்கொண்டே சபையைப் பார்த்தபோது மூன்றாவது வரிசையில் தட்டச்சுப் பெண் இருந்தார். நல்ல சேலை உடுத்து வந்திருந்தார். அந்தப் பந்தி யாருடையதென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பேசி முடித்ததும் மற்றவர்கள் எவ்வளவு நேரம் கைதட்டினார்களோ, அவரும் அவ்வளவு நேரம் தட்டினார்.

ஓட்டோவில் வீட்டுக்குப் போகும்போது மனைவி, "நீங்கள் எப்ப இலங்கைத்துறைக்குப் போனனீங்கள்?" என்று கேட்டாள். மனத்தால் போனேன் என்றேன்.

அடுத்த நாள் காலையிலேயே கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் கோபத்தோடு போனேன். என் நூலில் இன்னொருவர் கை வைப்பதா என்று வழி முழுக்க வசனம் சேர்த்துக்கொண்டு போனேன். அவர் யாருக்கோ அடையாள அட்டையைப் படியெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை நின்றதில் பாதி வசனம் மறந்துபோனது. அந்தப் பந்தி நான் எழுதியதல்ல என்று மட்டும் சொன்னேன்.

"ஓம் ஐயா. விடுபட்டதைப் போடச் சொன்னனீங்கள். அது விடுபட்டிருந்தது, போட்டனான்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நான் கதிரையில் இருந்தேன். அதன் பிறகுதான், நாலு மாதம் பிந்தி, கேட்டேன். அவர் முன்பு அமெரிக்க உதவியில் நடந்த ஒரு திட்டத்தில் கள உத்தியோகத்தராக இருந்திருக்கிறார். இலங்கைத்துறையில் கருவாடு போடும் பெண்களுக்கு மணலில் காயவைக்காமல் உயரத்தில் காயவைக்கப் பரண் அடித்துக் கொடுத்தார்கள். கப்புகள் நட்டு, தடிகள் கட்டி முடிந்தன. காகம் இறங்காமல் மேலே போட வலை மட்டும் வரவேண்டியிருந்தது. புதிய ஜனாதிபதி வந்து வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது இந்தத் திட்டமும் நின்றது. ஒரு காலையில் வேலைக்குப் போனவர்களிடம் மேசையில் இருக்கும் சொந்தச் சாமான்களை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். ஜீப்பைக் கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண்களுக்கு யாரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. அவர்தான் பஸ் ஏறிப் போய்ச் சொன்னார்.

நாலு கொப்பி நிறைய அமெரிக்காவைத் திருத்தியவன் நான். அமெரிக்கா வந்து முட்டிய ஒரு ஆள் ஒரு முழம் தள்ளி இருந்து அதை அடித்துத் தந்திருக்கிறார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அடுத்த பதிப்பில் அவர் பெயரைப் போடுவோம் என்று பெரிய மனதோடு சொன்னேன். முதல் பதிப்பே வீட்டில் அலுமாரியிலும் கட்டிலின் கீழும் நிறைந்து கிடந்தது. அவர் அது வேண்டாம் என்றார். "ஏலுமெண்டால் ஒருக்கா வந்து பாருங்கோ. இருந்து பார்த்தனான் எண்டு மேடையில சொல்லிப்போட்டீங்கள்."

அதற்கு முன்னர், நயவுரை சொன்ன அதிபரிடம் போனேன். அந்தப் பந்தி என்னுடையதல்ல, தட்டச்சுச் செய்தவர் எழுதியது என்று நேராகவே சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் சொன்னதில்லை. அதிபர் கதிரையில் சாய்ந்தார். பிறகு, இப்படி அடக்கத்தோடு பேசுகிற எழுத்தாளரை இந்த மாவட்டத்தில் தான் கண்டதில்லை என்றார். நான் மறுத்தேன். மறுக்க மறுக்க அவருக்கு என்மேல் மரியாதை கூடியது. கடைசியில் தேத்தண்ணி குடித்துவிட்டு, முன்னைவிடப் பெரிய எழுத்தாளனாக வீட்டுக்குத் திரும்பினேன்.

ஒரு சனிக்கிழமை தட்டச்சுப் பெண்ணோடு பஸ் ஏறி, மூதூர் தாண்டி இலங்கைத்துறைக்குப் போனேன். பரண்கள் வரிசையாக நின்றன. மேலே மீன் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் கையில் கம்போடு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். மற்றவர்கள் மீன் வெட்டி உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டச்சுப் பெண்ணைக் கண்டதும் எல்லாரும் எழும்பி வந்தார்கள். அவர் என்னைக் காட்டி, இவர் ஒரு புத்தகம் எழுதினவர், அதில் எங்கட வலை வந்திருக்குது என்று சொன்னார். கம்போடு இருந்தவள் என்னைப் பார்த்தாள்.

"வலை என்ன நிறம்?"

எனக்குத் தெரியவில்லை. தட்டச்சுப் பெண் பச்சை என்றார். இல்லை, நீலம் என்றுதானே அப்போது சொன்னார்கள் என்று அவள் சொன்னாள். வராத வலையின் நிறத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதை நடந்தது. நீலமென்றால் தூரத்திலிருந்தே தெரியும் என்று ஒருத்தியும், பச்சைதான் வெயிலுக்குத் தாங்கும் என்று இன்னொருத்தியும் நின்றார்கள். பிறகு பந்தியை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசித்தேன். சீனன்குடா அத்தியாயத்தையும் வாசிக்கவா என்று கேட்க வாய் உன்னியது. அதற்குள் காகங்கள் மூன்று மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதால் நடந்தது அது. கம்போடு இருந்தவள் கம்பை என் கையில் தந்துவிட்டு, "இண்டைக்கு நான் இருந்து சாப்பிட்டிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அவள் வரும்வரை நான் காகம் கலைத்தேன். காகங்களுக்கு முதலில் என்மேல் கொஞ்சம் பயம் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. நான் ஒரு பக்கம் ஓடினால் அவை மற்றப் பக்கம் இறங்கின. மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்ததை என்னால் குறைசொல்ல முடியாது. இரண்டு மீன் இன்னும் போனது. தட்டச்சுப் பெண் சேலையைச் செருகிக்கொண்டு மறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டதால்தான் மிச்சம் தப்பியது.

அதன் பிறகு அவர், நிலாவெளியில் கரைவலை இழுப்பவர்களிடம் பழுதாகித் தள்ளிவைத்த வலைகள் இருக்கும் என்று விசாரித்து, துண்டு துண்டாகச் சேர்க்கத் தொடங்கினார். இரண்டு பரண்களுக்கு இப்போது வலை இருக்கிறது. நிறம் இன்னதென்று சொல்ல முடியாது. நான் செய்தது, ஒருதரம் ஒரு மூட்டையைப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். காயாத வலை, மடியில் வைத்திருந்தேன். அந்த மணம் தாங்காமல் பக்கத்து இருக்கையில் இருந்தவர் கிண்ணியாப் பாலம் வருவதற்கு முன்னமே எழும்பிப்போய் முன்னால் நின்றுகொண்டார். வெருகல் பக்கம், இலங்கைத்துறைக்குப் போய்ச் சேரும்வரை அந்த இடத்தில் வேறு யாரும் வந்து இருக்கவில்லை.