தேர்க் கொட்டகையில் நின்ற கார்

போன வாரம் லிஃப்டில் பட்டனை மாற்றி அழுத்திவிட்டு அடித்தளத்தில் போய் இறங்கிவிட்டேன். எண்பத்து நாலு வயதில் அதுவும் ஒரு வெளியூர்ப் பயணம் மாதிரிதான். கதவு திறந்ததும் ஒரு வாசனை வந்து முகத்தில் மோதியது. ஈரச் சிமெண்ட், பழைய ரப்பர், கொஞ்சம் பெட்ரோல், வெகுநாள் மூடிக் கிடந்த துணி. மூன்றாம் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் தன் தாத்தாவின் காரைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருந்தார். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உறை. அதன்மேல் கயிறு வேறு.

“ஆன்ட்டி, துருப் பிடிக்காம இருக்க இத எங்க நிறுத்தறதுன்னே தெரியல. நெட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்றார்.

“முதல்ல அந்த பிளாஸ்டிக்கக் கழட்டு. ஈரம் உள்ளயே நின்னுடும். கால் வெக்கற எடத்து ரப்பர் மேட்டெல்லாம் தூக்கிக் காயவை. வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டடி நகர்த்து. தரை காஞ்சிருக்கணும், நாலு பக்கமும் காத்து வரணும்” என்று நான் கடகடவென்று சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். “உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?” என்று கேட்டார். ‘ஒரு காரைக் கொன்னிருக்கேன்பா’ என்று வாய் வரை வந்தது. அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி அல்சூரில், ஏரிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்க வேண்டும், பேச்சைக் கேட்கக் கூடாது. சட்டம் அப்படித்தான். ஆனால் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி கேட்டுத்தானே ஆகவேண்டும்? அந்த ஒரு நொடியிலேயே உலகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். மனைவியிடம் மைசூரில் இருப்பதாகச் சொல்கிறவர் பேசுவது சேலத்திலிருந்து. எட்டு மணி நேரம் இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், வெற்றிலைக்காரி சிரித்தால்கூட ‘இவ எதுக்கு இப்ப சிரிக்கிறா?’ என்றுதான் தோன்றும். பழியை வேலைமேல் போடுகிறேன் பாருங்கள். உண்மையைச் சொன்னால், பிறவியிலேயே எனக்குச் சந்தேக புத்தி. வேலை அதற்குச் சம்பளம் கொடுத்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பிய ஆங்கிலோ-இந்திய டீச்சரம்மா ஒருத்தரிடமிருந்து ஒரு கார் வாங்கினார். கறுப்பு நிறம், குட்டையான உடம்பு, என்னைவிட நாலைந்து வயது மூத்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதுக்குக் காத்து வோணும் மேன். மூடி வெச்சா அழுதுடும்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கார் அழுவதாவது என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வாங்கியாகிவிட்டது, நிறுத்துவது எங்கே? எங்கள் சந்தில் சைக்கிள் எதிரே வந்தாலே ஒருவர் ஒதுங்க வேண்டும். ஏரிக்கரையில் விட்டால் விடிவதற்குள் பனியில் குளித்திருக்கும். கோயில் பக்கத்து மரத்தடியில் ஒரு வாரம் நிறுத்தினோம். கூரைமேல் காக்கை எச்சம், அதற்கு மேல் ஒரு ஆடு படுத்திருந்தது. அந்த நேரத்தில்தான் மரியநாதண்ணன் வந்தார்.

அவர் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் தச்சர். எங்கள் வீட்டுக்காரரோடு கேரம் ஆடுகிறவர். அடுத்த தெருவில் இருந்த சின்ன மாதா கோயிலின் தேருக்கு அவர்தான் பொறுப்பு, அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. கோயில் கொட்டகைச் சாவி அவரிடம்தான். திருவிழா அன்று தேரின் முன்கட்டையைப் பிடித்துத் திருப்புகிற இடமும் அவருடையதுதான். அந்தத் தெருவில் அதைவிடப் பெரிய மரியாதை ஒருவருக்கும் கிடையாது.

“கொட்டாயில பாதி எடம் சும்மாத்தான் கெடக்குது தம்பி, கமிட்டியில நான் கேட்டுக்கறேன்” என்று எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். தகரக் கூரை, மேடான தரை, இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி. தேரின் இரும்புச் சக்கரத்தைத் தட்டி, “எங்கப்பா காலத்துது. ஒரு பொட்டுத் துரு இருக்குதா பாருங்க” என்றார். இல்லைதான். எனக்கு உடனே, இவர் எதற்கு இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறார் என்று தோன்றியது.

சாவி அவர் வீட்டு வாசலில் ஓர் ஆணியில் தொங்கும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். நாம் எடுக்கலாம் என்றால் ஊரில் எல்லாரும் எடுக்கலாமே? முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் லால்பாக் பூங்காவுக்குப் போய்வந்து இறங்கும்போது, அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்று, “ராணி மாதிரி எறங்கறியே தங்கச்சி!” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கண் பட்டுவிட்டது!

எங்கள் வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி விஷயங்கள் ஆகாது. ஒரு தடவை வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டினதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆயுத பூஜை மட்டும் தொழிற்சாலையிலேயே கொண்டாடுவதால் அவருக்குச் சம்மதம். ஆகவே அவருக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்தேன். சிவப்புத் துணியில் இரண்டு கை கல் உப்பு, ஏழு மிளகாய், ஒரு துண்டு படிகாரம். முடிந்து, காரின் முன்பக்க மேட்டுக்கு அடியில், கால் படாத மூலையில் வைத்தேன். ஞாயிறு காலையில் அவர்கள் குடும்பத்தோடு மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கும்போது ஆணியில் சாவி எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அமாவாசைக்கு அமாவாசை புது மூட்டை. பழையதை எடுத்து ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பார்கள். மூன்று ஷிப்டு மாறி மாறி வேலை பார்க்கிறவளுக்கு ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? இருக்கட்டும், காவல் இரண்டாக இருந்தால் நல்லதுதானே என்று பழையதன் பக்கத்திலேயே புதியதை வைத்தேன். ஒரு வருடத்தில் நான்கு மேட்டுக்கு அடியிலும் மூட்டைகள்.

தொட்டுப் பார்த்தால் மொறமொறவென்று காய்ந்திருக்கும். காற்றில் வைத்த உப்பு கசியத்தானே வேண்டும்? இது கசியவில்லை என்றால் ஏதோ சக்தி வேலை செய்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

துப்பறிகிற வேலையும் நடந்தது. ஒரு ஞாயிறு, டயரில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தேன். நடுவில் நாங்கள் வண்டியை எடுக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் கோடு மேலே இருக்கிறது! “வண்டி நகந்திருக்குங்க. யாரோ எடுக்கறாங்க” என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “உனக்கு வேற வேலயில்ல” என்று சிரித்துவிட்டு அவர் கேரம் ஆடப் போய்விட்டார். பிறகு ஒரு சனிக்கிழமை, காலை ஷிப்டு முடிந்து அந்த வழியாக வந்தேன். கார் வெயிலில் நிற்கிறது. நான்கு கதவும் விரியத் திறந்திருக்கிறது. மரியநாதண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துடைக்கிறார். ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

“வா தங்கச்சி. ஒரே எடத்துல நின்னா டயர் வீணாப்போவும். அதான் தள்ளி வெயில் காட்டறேன்” என்றார். அப்புறம் குரலைத் தணித்து, “உள்ள ஈரம் வருதும்மா. அந்த மேட்டெல்லாம் எடுத்துடலாமா? மழ தொடங்குச்சுன்னா கஷ்டம்” என்று கேட்டார்.

இவருக்கு எதற்கு மேட்டைத் தூக்கிப் பார்க்கிற ஆசை? “ஒண்ணும் எடுக்க வேணாம்ணே. அவருக்குப் பிடிக்காது” என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் துடைத்த துணியை மடித்தார். “சரிம்மா, நீ சொன்னா சரி” என்றார்.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. சனிக்கிழமைகள் வந்தன, வெயில் வரவில்லை. வண்டி கொட்டகையிலேயே நின்றது. ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் எனக்கு நினைவு வந்தது. வீட்டுக்காரர் மேட்டைத் தூக்கிக் கழுவுவாரே! அவசர அவசரமாக எல்லா மூட்டைகளையும் எடுத்து, கசகசவென்று ஒழுகின அந்தத் துணிகளைப் பைக்குள் திணித்து, ஏரியில் கொட்டிவிட்டு வந்தேன். அடியில் தகரம் எப்படி இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கொட்டகை வாசலில் காரைத் தள்ளி நிறுத்தி, மஞ்சள், குங்குமம், பூசணிக்காய் எல்லாம் தயார். எங்கள் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினார். கால் பிரேக்கோடு நிற்கவில்லை. படக்கென்று ஒரு சத்தம். தரைத் தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கி, குதிகால் கீழே மண்ணில் நின்றது. சுற்றி இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அவர் மேட்டை இழுத்தார். அடியில் தண்ணீர் நின்றது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு கரிக்குது!” என்றார். முகம் மாறிவிட்டது. ஸ்டெல்லா அக்காவின் தம்பி மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வைத்திருந்தான். “மீன் கூடை ஏத்தியிருக்காங்கடீ! நீதான அன்னிக்கே சொன்ன, வண்டி நகந்திருக்குன்னு? நான்தான் முட்டாள் மாதிரி சிரிச்சேன்.”

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ‘அது என் உப்பு’ என்று மூன்றே சொல். குனிந்து குங்குமத் தட்டை நகர்த்திவைத்தேன்.

அவர் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மாதா தேர் நிற்கிற இடத்தில் கருவாட்டு வியாபாரமா என்று அவர்கள் தனியாக ஆரம்பித்தார்கள். மரியநாதண்ணன் குனிந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தார். மேட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பூசணிக்காயைப் பார்த்தேன்.

“நான் மீன் ஏத்தல சார்” என்றார். அதுவரை தம்பி தம்பி என்று கூப்பிட்டவர். கொட்டகைச் சாவியைக் கமிட்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வருடம் திருவிழாவில் முன்கட்டையை வேறு ஒருவர் பிடித்தார். தேர் எங்கள் சந்து முனையில் திரும்பத் தெரியாமல் இடித்து நின்றது. கூட்டத்தின் கடைசியில் மரியநாதண்ணன் மெழுகுவத்தியோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய வலது கை, திருப்பு திருப்பு என்பதுபோலத் தன்னால் அசைந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அந்த மாதமே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு லிங்கராஜபுரம் போய்விட்டார்கள்.

இரண்டு மாதம் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு ஒருநாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். ஸ்டெல்லா அக்கா ஒன்றுமே நடக்காதது போலக் காப்பி கொடுத்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். “அண்ணே, அந்த உப்பு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்மா. மொத சனிக்கிழமயே மூட்டையப் பாத்தேன். மேட்டோட எடுத்து வெயில்ல காயவெச்சு, எது எங்க இருந்துச்சோ அங்கயே வெச்சுட்டு வருவேன். உங்க சாமி காரியம், நான் எப்படி எடுத்துப் போடறது? அதான் உன்னையே கேட்டேன்.”

மொறமொறவென்று காய்ந்திருந்த மூட்டைகளை நினைத்துக்கொண்டேன். “அன்னிக்கு ஏன்ணே சொல்லல? சாவியும் போச்சே!”

“உன் வூட்டுக்காரர் நிண்ட கோவத்துக்கு, உன் பேர எடுத்தா உன்ன விட்டு வெப்பாரா? பண்டிக நாளு வேற.”

“நான் இப்பவே கமிட்டியில போய்ச் சொல்றேன்.”

“பேடாம்மா, வேணாம். இப்ப வேறொருத்தன் வெச்சிருக்கான். அவன்கிட்டருந்து புடுங்கி எனக்குக் குடுத்தா, அவன் இந்த மாதிரி தலையக் குனிஞ்சுகினு திரியணும்” என்றார். ஸ்டெல்லா அக்கா அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் கமிட்டிக்குப் போகவில்லை. அண்ணன் தடுத்துவிட்டார் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. பயந்துதான் போகவில்லை. வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கேயும் கேரம் ஆடப் போனதில்லை. லிங்கராஜபுரத்துக்கும் போனதில்லை.

காரைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனார்கள். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. திருவிழாவுக்கு மாதா லாரியில், கலர் விளக்கோடு போகிறாள். இரும்புச் சக்கரம் எங்கே போனது என்று கேட்டால் தெரிந்தவர் யாருமில்லை. அண்ணனும் அக்காவும் எங்கள் வீட்டுக்காரரும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

மூன்றாம் மாடிக்காரர் நேற்று வந்து கதவைத் தட்டினார். அவர் ஊருக்குப் போகிறாராம், பத்து நாள் காரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையாம், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகட்டுமா என்றார். சங்கிலியைக் கழற்றாமல் கதவிடுக்கு வழியாகத்தான் பேசினேன். என்னிடம் எதற்குக் கொடுக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு சங்கிலியைக் கழற்றிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். மாட்டிவைக்க வாசல் பக்கம் ஓர் ஆணி தேடினேன். இந்தக் கட்டடத்தில் யார் வீட்டு வாசலிலும் ஆணி இல்லை.