ஓரகத்தியின் பாலில் தேறிய என் மகள்

பால் குடிக்கும்போது என் மகள் ஜெனியின் நெற்றி நனைந்துவிடும். போன வருடம் மழைக்காலம் அது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் நாங்கள் போர்வையை இழுத்துப் போர்த்தியிருப்போம். அவளுக்கு மட்டும் வியர்க்கும். நாலு வாய் குடிப்பதற்குள் மூச்சு வாங்கும். களைத்துத் தூங்கிவிடுவாள். எடை ஏறவே இல்லை.

ஜெனி பிறந்த அதே மாதத்தில்தான் சிதம்பரத்தில் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, மெர்சிக்கும் மகன் பிறந்தான். அவள் அனுப்பும் வீடியோவில் அவன் தொடைகள் மடிப்பு மடிப்பாக இருக்கும். பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன்.

கடலூரில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை என்றார் டாக்டர். சில குழந்தைகளுக்கு மேல் அறைகளின் சுவரில் ஓட்டை இருக்குமாம். சிலருக்கு வால்வு சுருங்கியிருக்கும். சிலருக்கு ரத்தக்குழாய்கள் இடம் மாறி உடம்பே நீலம் பூத்துவிடும்.

"நான் என்ன தப்பு பண்ணேன் டாக்டர்?" என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. பெரும்பாலும் காரணம் இதுதான்னு சொல்ல முடியாது. கர்ப்பத்துல சர்க்கரை, ரூபெல்லா அம்மை, சில மாத்திரைங்க, சொந்தத்துல கல்யாணம், இதெல்லாம் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். அவ்ளோதான்."

நான் அத்தை மகனைக் கட்டியவள். மெர்சி உறவில்லாத அசலில் இருந்து வந்தவள். சொந்தத்தில் கல்யாணம் என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்தது. கர்ப்பத்தில் நான் ஒரு மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை. அவளோ நிறைமாதத்திலும் ஸ்கூட்டி ஓட்டினாள். அவள் பிள்ளைக்கு முழு இதயம், என் பிள்ளைக்கு ஓட்டையா? அவள் மகனைச் சபையில் ஆண்டவருக்கென்று ஒப்புக்கொடுத்துப் பிரதிஷ்டை செய்த ஞாயிறன்று, தலைவலி என்று சொல்லி நான் போகவில்லை.

புதுச்சேரியில் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். அதற்கு முன் மருந்து கொடுத்து, எடையைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். கவலையில் எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. பவுடர் பாலை அவள் கக்கினாள்.

ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, அவளுக்குக் குடுத்ததை எனக்கு ஏன் குடுக்கல? அவ மேல பொறாமையா இருக்குது. அதை எடுத்துப்போட எனக்குத் தெரியல. எம் புள்ளைய மட்டும் காப்பாத்துங்க." அழகான ஜெபம் இல்லை அது. அவ்வளவுதான் வந்தது.

அந்த வாரமே மெர்சி பிள்ளையும் பையுமாக வாசலில் நின்றாள்.

"அக்கா, ஜெனிக்குப் பால் பத்தலன்னு மாமா சொன்னாரு. எனக்கு ஜாஸ்தியா சுரக்குது. நான் இங்கயே கொஞ்ச நாள் இருக்கறேன்."

என் கணவர்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே ஜெனி சிணுங்கினாள். நான் வழி விட்டேன்.

டாக்டர் மெர்சியின் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுச் சம்மதித்தார். உறிஞ்சினால் குழந்தை களைத்துவிடும், பீய்ச்சிப் பாலாடைக் கிண்ணத்தில் அடிக்கடி புகட்டுங்கள் என்றார். மெர்சி பீய்ச்சிக் கொடுப்பாள், நான் புகட்டுவேன். என் உடம்பில் வராதது அவளிடம் பொங்கி வந்தது. அவள் குரலுக்கு ஜெனி தலையைத் திருப்பியபோது வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் அவள் மகன் பசியில் வீறிட்டான். அவள் அவனைப் பாயில் கிடத்திவிட்டு ஜெனிக்குத்தான் முதலில் பீய்ச்சினாள்.

"உம் புள்ள அழுவறானே மெர்சி" என்றேன்.

"அவனுக்கு அழுவறதுக்குத் தெம்பு இருக்குதுக்கா. இவளுக்கு அதுவும் இல்லையே."

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவனைத் தூக்கினேன். பிறந்ததிலிருந்து அன்றுதான் அவனை முதன்முதலாகத் தூக்கினேன். கனமாக இருந்தான். அழுதுகொண்டே அவனைத் தட்டிக்கொடுத்தேன்.

ஜெனி எடை ஏறினாள். ஓட்டையை ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். இப்போது சத்தம் போட்டு வீட்டை இரண்டாக்குகிறாள்.

பொறாமை ஒரேயடியாகப் போய்விட்டதா என்றால், இல்லை. மெர்சியின் மகன் ஜெனிக்கு முன்பே நடக்கத் தொடங்கியபோதும் வந்தது. வந்தால் இப்போது ஆண்டவரிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன். பிறகு மெர்சிக்குப் போன் போட்டு அவன் என்ன செய்கிறான் என்று கேட்கிறேன்.

சகோதரிகளே, மனசு சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற மனசோடு போங்கள். நான் எவளைக் காட்டி முறையிட்டேனோ, அவள் கையிலேயே என் பிள்ளையின் உயிரைக் கொடுத்தனுப்பினார் ஆண்டவர். உங்களுக்கும் செய்வார், நம்புங்கள்.