டார்ச் லைட்டுக்காரி

“கத படிச்சா ஒங்கப்பா எந்திரிச்சு வந்துருவாகளாக்கும்?” என்று அம்மா கேட்டாள். நான் அப்போதுதான் ஒரு நாவலைச் சத்தமாக வாசித்துக் காட்டத் தொடங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பெருமையை அவ்வப்போது யார் தலையிலாவது இறக்கிவைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அம்மாவுக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வேலை. அப்பா நெஞ்சுவலியில் போனதிலிருந்து மதியச் சோற்றைத் தனியாகத்தான் தின்கிறாள், யாரோடும் பேசுவதில்லை என்று கூட வேலை பார்க்கும் அக்கா சொல்லியிருந்தாள். நாவலின் கதாநாயகியும் கணவனை இழந்தவள். கடலோரத்தில் தனியாக இருப்பவள். கேட்டால் அம்மா மனம்விட்டு அழுவாள் என்று நினைத்தேன்.

முதல் அத்தியாயத்திலேயே அவள் கணவன் நினைவாக மெழுகுவத்தி ஏற்றி, அதைப் பார்த்தபடியே தூங்கிப்போகிறாள். அம்மா அழட்டும் என்று வாசிப்பை நிறுத்தினேன். அம்மா சடாரென்று நிமிர்ந்தாள்.

“அணைக்காமயா தூங்குறா?”

“அது துக்கம்மா.”

“என்னத்த துக்கம்? பக்கத்துல திரைச்சீல தொங்குதுன்னு படிச்சியே. மொதல்ல அவள எந்திரிச்சு அணைக்கச் சொல்லு.”

அன்றைக்கு அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. மறுநாள் அவளே கேட்டாள்: “வீடு தப்பிச்சுச்சா?”

அதன்பிறகு தினமும் வாசித்தோம். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அந்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏத்தா, அந்த டார்ச் லைட்டுக்காரி எப்படி இருக்கா? சோறு திங்கையில ஒங்கம்மா கத சொல்லுது. நல்ல எடம் வரும்போது கம்பெனிச் சங்கு ஊதிருது!”

டார்ச் லைட்டா? வீட்டில் அம்மாவிடம் கேட்டேன்.

“மெழுகுவத்தின்னா எங்காளுக பயத்துல கதையக் கேக்க மாட்டாளுக. அதான் மாத்துனேன்.” எழுதியவருக்கே பிழை திருத்திக் கொடுத்த தோரணை.

கடைசியில் கதாநாயகி தன்னந்தனியாகக் கடலில் நீந்தி, இனி வாழலாம் என்று கரையேறுகிறாள். எனக்குப் பிடித்த முடிவு. அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. கம்பெனியில் அவள் சொன்ன கதையில் கதாநாயகி நாலு பெண்களோடு ஆட்டோ பிடித்து இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டாள். கேட்டவர்களுக்கு ஆசை வந்து, ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே கிளம்பிவிட்டார்கள். அம்மாவும்தான்.

“சோறு வடிச்சு வச்சிருக்கேன். தனியா இருக்கமேன்னு மெழுகுவத்தி கிழுவத்தி ஏத்திராத, புள்ள” என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும்தான், அப்பாவுக்காக நான் இன்னும் அழவேயில்லை என்பது உறைத்தது. ஆசை தீர அழுதேன். முகம் கழுவி, வடித்த சோற்றைத் தின்றுவிட்டு, நானே ஒரு நாவல் எழுத உட்கார்ந்தேன்.

என் நாவலின் முதல் அத்தியாயம் முடிந்துவிட்டது. அதில் ஐந்து பெண்கள் ஓர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஒருத்தி கையில் டார்ச் லைட் இருக்கிறது.